வடசென்னையில் பிள்ளைக்குக் கால்பந்து கிளப் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியாளரை எடைபோடுவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையின் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும், காலையிலோ மாலையிலோ பிள்ளைகள் பந்து உதைக்கும் ஏதோ ஓர் இடம் அருகில் இருக்கும். ஆகவே கிளப் கிடைக்கவில்லை என்ற கவலை இங்குள்ள பெற்றோருக்கு அவ்வளவாக இல்லை. ஏரியாப் பெயரில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் கிளப், தொண்டு அமைப்பு நடத்தும் இலவசப் பயிற்சி, செயற்கைப் புல் திடலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நடத்தும் அகாடமி, பள்ளியிலேயே மாலையில் நடக்கும் கோச்சிங் எனப் பல வழிகள் கண்முன் இருக்க, எதில் சேர்ப்பது என்பதுதான் குழப்பம். பெரும்பாலானோர் அலமாரியில் இருக்கும் கோப்பைகளையும், ஜெர்சியின் பளபளப்பையும், பக்கத்து வீட்டுப் பையன் அங்கே போகிறான் என்பதையும் வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு: சாதாரணமான ஒரு வேலைநாள் பயிற்சியில், ஆட்டம் இன்னும் சரியாக வராத பிள்ளையை அந்தக் கிளப் எப்படி நடத்துகிறது என்பது. கீழே வரும் படிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்விக்கு விடை தேடுபவைதான்.

1. எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதை வீட்டிலேயே பேசி முடியுங்கள்

பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு நோக்கம் என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. அவன் அல்லது அவள் பந்தோடு மகிழ்ச்சியாக ஓடி, மறுநாளும் போகவேண்டும் என்று கேட்டால் போதும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் தெரியத் தொடங்கும். பதினான்கைத் தாண்டிய பிறகுதான் மாவட்ட அணி, மாநில அணி, விளையாட்டு விடுதி என்ற பேச்சுக்கே பொருள் உண்டு.

ஆனால் வடசென்னையில் கால்பந்து என்பது பல குடும்பங்களுக்கு வேலைக்கான வழியாகவும் இருந்து வந்திருக்கிறது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை), இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள் சென்னை லீக்கில் ஆடிய காலத்திலிருந்து, பந்து ஆடி வேலைக்குப் போன மாமாவோ சித்தப்பாவோ நம் தெருக்களில் உண்டு. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும், பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் இருக்கின்றன. அந்த எண்ணம் வீட்டில் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் அதை ஏற்ற வேண்டாம். எண்ணம் தெளிவாக இருந்தால்தான், பின்னால் வரும் சான்றிதழ், பதிவு போன்ற விஷயங்களில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது தெரியும்.

2. கட்டணத்தைத் தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

வியாசர்பாடியில் 1997 இல் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு ஒன்று, கால்பந்தையும் மாலைநேரப் படிப்பையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்து வளர்ந்தது. ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற தொழில்முறை அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர்தான். நல்ல பயிற்சி இலவசமாகவும் கிடைக்கும் என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. அதேபோல, இலவசம் என்ற ஒரே காரணத்தால் எல்லாம் நல்லதாகவும் ஆகிவிடாது. ஒரே ஒரு பயிற்சியாளர் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் இடங்களும் உண்டு.

கட்டணம் வாங்கும் இடத்தில், மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஜெர்சி, போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம், கோடைக்கால முகாம் ஆகியவை தனியா, சேர்த்தா என்று கேளுங்கள். பணம் கட்ட முடியாத மாதம் வந்தால் பிள்ளையை வெளியே நிறுத்துவீர்களா என்றும் கேளுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே அந்த இடத்தின் குணம் பாதி தெரிந்துவிடும்.

மைதானம் யாருடையது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. சென்னை மாநகராட்சி 2024 அக்டோபரில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்க முடிவெடுத்ததும், எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். பொதுத் திடலை நம்பி நடக்கும் கிளப்பாக இருந்தால், திடல் கிடைக்காத நாட்களில் எங்கே பயிற்சி நடக்கும் என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவேண்டும்.

3. மைதானத்தைப் பிள்ளை இல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள்

மண் தரையா, புல்லா, செயற்கைப் புல்லா என்பதைவிட முக்கியமானவை சில. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, பெண் பிள்ளைகள் பயன்படுத்தும்படியான கழிப்பறை இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கி நகர்த்தும் இரும்புக் கோல் போஸ்ட் இருந்தால், அதன் பின்கட்டை தரையோடு கட்டப்பட்டிருக்கிறதா அல்லது மணல் மூட்டை வைத்து அழுத்தப்பட்டிருக்கிறதா என்பதைக் கையால் அசைத்தே பாருங்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளைகள் தொங்கும்போது போஸ்ட் கவிழ்ந்து உயிர்போன சம்பவங்கள் உலகின் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

வெயிலை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் செயற்கைப் புல் வெயிலில் சுற்றியுள்ள காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்னி நட்சத்திரக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கு மேலும் செயற்கைப் புல்லில் கோடை முகாம் நடத்தும் இடம், பிள்ளையின் உடலைவிட வாடகை நேரத்தைத்தான் பார்க்கிறது. மணலி, எண்ணூர், கொடுங்கையூர் பக்கம் காற்றும் ஒரு பொருட்டு. குப்பை மேட்டில் புகை கிளம்பிய மாலையிலோ, ஆலைப் பக்கமிருந்து நெடி வீசும் மாலையிலோ பயிற்சியை நிறுத்தும் வழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள். மணலியில் காற்றுத் தர அளவீட்டு நிலையம் இருக்கிறது. அதன் அளவுகளைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

4. பயிற்சியைப் பாருங்கள்; இதுதான் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது

பார்க்கப் போகும் நாளை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாய், புதன் போன்ற ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோர் ஓரமாக நின்று பார்க்கவே கூடாது என்று ஒரு கிளப் சொன்னால், அங்கேயே விசாரணையை முடித்துக்கொள்ளலாம்.

போனதும், நன்றாக ஆடும் பையனைப் பார்க்காமல் நடுத்தரமாக ஆடும் ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடம் அவனை மட்டும் பாருங்கள். அவன் கால் பந்தைத் தொடும் தடவைகளை எண்ணுங்கள். பதினாறு பிள்ளைகள் ரேஷன் கடை வரிசைபோல நின்று, ஒவ்வொருவராகக் கோனைச் சுற்றி ஓடி, ஒரு ஷாட் அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகும் பயிற்சியில், அந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே நின்றுவிடும்; மீதி நேரமெல்லாம் அவன் முன்னால் நிற்பவனைக் கிள்ளிக்கொண்டிருப்பான். அதே பதினாறு பேரை நான்கு பேருக்கு நான்கு பேர் என்று இரண்டு சிறு திடல்களில் ஆடவிட்டால், பந்து ஓயாமல் அவனிடம் வந்துபோகும், ஒவ்வொரு முறையும் யாருக்குப் போடுவது என்று அவனே முடிவெடுக்க வேண்டியும் வரும். பயிற்சி நேரத்தில் எவ்வளவு பங்கு இப்படி ஆட்டமாக நடக்கிறது, எவ்வளவு பங்கு வரிசையில் நிற்பதிலும் ரவுண்டு ஓடுவதிலும் போகிறது என்பது பயிற்சியாளர் வீட்டில் யோசித்துவிட்டு வருகிறாரா என்பதைக் காட்டிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பந்து இருப்பதும், பந்து வயதுக்கேற்ற அளவில் இருப்பதும் இதோடு சேர்ந்தவை. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 4 ஆம் எண் பந்து, அதற்கும் கீழே 3 ஆம் எண் பந்து என்பது பொது வழக்கம். ஏழு வயதுப் பிள்ளை 5 ஆம் எண் பந்தை உதைத்துக்கொண்டிருந்தால், அது கால் வலிக்குத்தான் வழி.

அடுத்து, தவறு நடக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பாஸ் வருகிறது. பையன் நிறுத்தப் பார்க்கிறான். பந்து காலில் பட்டு எகிறிச் சுவர்ப்பக்கம் போய்விடுகிறது. ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “எத்தனை வாட்டிடா சொல்றது, கண்ணு எங்க இருக்கு உனக்கு?” என்று கத்துகிறார். பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். அடுத்த பாஸ் வரும் திசையைவிட்டு மெதுவாக விலகி நிற்கிறான். இன்னொருவர் பக்கத்தில் நடந்துவந்து, “பந்து வர்றதுக்கு முன்னாடி யாரைப் பார்த்தே?” என்று கேட்கிறார். “யாரையும் பாக்கலண்ணா.” “அடுத்த பந்து வர்றதுக்குள்ள தோளுக்குப் பின்னாடி ஒரு தடவை திரும்பிப் பாரு.” அடுத்த பாஸ் கிளம்பும்போது பையன் கழுத்தைத் திருப்புகிறான், உடம்பைச் சற்றே பக்கவாட்டில் வைத்து வாங்குகிறான், இம்முறையும் பந்து சரியாக நிற்கவில்லை, ஆனால் அவன் விலகிப் போகவில்லை. இரண்டாமவரிடம் சேருங்கள், அவருடைய கிளப்புக்குக் கோப்பையே இல்லாவிட்டாலும்.

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவது இந்த ஏரியாவில் பாசத்தின் அடையாளம் என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. நேரத்துக்கு வராதவனை முதல் ஆட்டத்தில் உட்காரவைப்பது கண்டிப்பு. அவன் நிறத்தையோ, உடம்பையோ, அப்பாவின் தொழிலையோ, தெருவையோ இழுத்துப் பேசுவதற்கு அந்தப் பெயர் கிடையாது. அடிக்கும் பயிற்சியாளரைப் பற்றி எழுதவே தேவையில்லை.

பயிற்சியின் முதல் பதினைந்து, இருபது நிமிடங்களையும் தவறவிடாதீர்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ‘11+ கிட்ஸ்’ என்ற தயார்நிலைப் பயிற்சி (வார்ம்-அப்) முறை ஏழு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்துச் சரியாக இறங்குவது, விழக் கற்றுக்கொள்வது போன்றவை அதில் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில், அதைத் தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. அந்தப் பெயர்கூட அந்தப் பயிற்சியாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உடம்பைத் தயார்செய்யாமல் நேராக ஷாட் அடிக்கவிடுபவரா என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். தலையால் முட்டுவது பற்றியும் கேளுங்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020 இல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடர் வேண்டாம் என்று வழிகாட்டியது; அமெரிக்காவில் பத்து வயது வரை அதற்குத் தடையே உண்டு. மோதிக்கொண்டு தலையில் அடிபட்ட பிள்ளையை, “ஒண்ணுமில்ல, ஆடு” என்று அன்றைக்கே மறுபடி இறக்கும் இடத்தில் பிள்ளையை விடக்கூடாது.

5. பயிற்சியாளரின் தகுதியை நேராகக் கேளுங்கள்

கேட்பதில் சங்கடப்படத் தேவையில்லை. தகுதியுள்ளவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஆசியக் கூட்டமைப்பும் வழங்கும் உரிமங்கள் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறும். டி உரிமம் சில நாள் பயிற்சி வகுப்பின் முடிவில் கிடைப்பது. சின்னப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க அது ஒரு தொடக்கம், அவ்வளவே. பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் படித்தவர்களை நம் ஊரில் என்.ஐ.எஸ். கோச் என்பார்கள்; உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் பி.பி.எட். படித்தவர்கள். உரிமம் எந்த ஆண்டு பெற்றது, இன்னும் நடப்பில் இருக்கிறதா, முதலுதவிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

ஆனால் விளம்பரத் தட்டியில் ஏ உரிமம் வைத்திருப்பவரின் படத்தைப் போட்டுவிட்டு, தினசரி வகுப்பைக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் விட்டுவிடும் அகாடமிகள் இருக்கின்றன. ஆகவே கேள்வியை இப்படி வையுங்கள்: “சார், என் பையன் குரூப்பை வாரம் முழுக்க யார் பார்த்துக்கிறாங்க? அவங்க எத்தனை வருஷமா இங்க இருக்காங்க?” அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் காரணத்தையும் விசாரியுங்கள்.

பழைய ஆட்டக்காரர் என்பதும் தனித் தகுதியாகிவிடாது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர் எல்லோரும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி பேசிவிடுவதில்லை. மறுபக்கம், உரிமம் எதுவும் இல்லாமல், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஐந்து மணிக்குத் திடலுக்கு வந்துவிடும் ஏரியா அண்ணன்களில் சிலர் மிக நல்ல ஆசிரியர்கள். தாளையும் ஆளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால், நான்காவது படியில் உங்கள் கண் பார்த்ததை நம்புங்கள்.

6. ஒரு போட்டிக்குப் போய்ப் பெஞ்சைப் பாருங்கள்

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எத்தனை நிமிடம் ஆட்டம் கிடைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணியில், முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில்கூட மாற்று ஆளை இறக்காத பயிற்சியாளருக்கு அந்தப் பிள்ளைகள் தேவையில்லை. ஒருவேளை அவர்களின் கட்டணம் தேவைப்படலாம். எல்லா ஆட்டத்திலும் ஒரே பையனைக் கோல் காவலுக்கும் ஒரே பையனை முன்வரிசைக்கும் அனுப்புகிறாரா, மாற்றிப் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள்.

வளர்ச்சியில் பிந்தும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். வயதுப் பிரிவு ஜனவரி 1 ஐ வைத்தே கணக்கிடப்படுவதால், டிசம்பரில் பிறந்த பையன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவனோடு ஆடவேண்டியிருக்கும். பெரிய உடம்பைப் பின்னால் நிறுத்திவைத்து, “தூக்கி அடி” என்று கூவிக்கொண்டே கோப்பை வாங்கும் அணிகள் பதின்மூன்று வயதுவரை ஜெயிக்கும். மற்றவர்களும் வளர்ந்தபின், அந்தப் பெரிய பையனுக்குப் பந்தைக் கட்டுப்படுத்தவே தெரியவில்லை என்பது வெளிப்படும். திடீரென்று உயரம் கூடும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி என்று பிள்ளை சொன்னால், அது சோம்பேறித்தனம் இல்லை. வளரும் எலும்பில் தசைநாண் இழுப்பதால் வரும் வலி. ஓய்வு கொடுப்பாரா, நொண்டியபடியே ஓடவிடுவாரா என்பதை மற்ற பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

7. பாதுகாப்பு

நல்ல மனிதர் என்று ஊரே சொன்னாலும் விதிகள் இருந்தாக வேண்டும். பயிற்சியாளரோ உதவியாளரோ பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசக்கூடாது. செய்திகள் பெற்றோர் குழுவில்தான் வரவேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது எங்கே தங்குகிறார்கள், உடன் வரும் பெரியவர்கள் யார் யார், பெண் பிள்ளைகள் போனால் பெண் பொறுப்பாளர் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். காயத்தைப் பார்ப்பதற்கும் மசாஜ் செய்வதற்கும் மூடிய அறை தேவையில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 விளையாட்டு மைதானத்துக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தும் மறைப்பவரும் அதன்படி தண்டனைக்கு உள்ளாவார். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

8. கையெழுத்துப் போடுவதற்கு முன்

போட்டிகளில் ஆடுவதற்கு அகில இந்தியக் கூட்டமைப்பின் இணையப் பதிவு முறையில் பிள்ளையைப் பதிவு செய்வார்கள், சி.ஆர்.எஸ். பதிவு என்பது இதுதான். பதிவு செய்துவிட்டால் பிள்ளை அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர் ஆகிவிடுவார். வேறு கிளப்புக்குப் போக முறைப்படி மாற்றம் செய்யவேண்டும். அதனால் தவறில்லை, ஆனால் எத்தனை காலத்துக்கு என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. “ரெண்டு வருஷம் குறைச்சுப் போட்டா டீம்ல எடுத்துடலாம்” என்று சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் சோதனை தேசிய அளவிலான இளையோர் போட்டிகளில் நடக்கிறது. அங்கே அகப்பட்டுக்கொண்டால் தடை பிள்ளைக்குத்தான். யோசனை சொன்னவர் அன்றைக்கு ஊரில்கூட இருக்கமாட்டார்.

சான்றிதழ் விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. “நேஷனல்” என்ற பெயர் இருந்தாலே அது தேசியப் போட்டி ஆகிவிடாது. அங்கீகாரமில்லாத அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு கோவாவுக்கோ டில்லிக்கோ கூட்டிப்போய் நடத்தும் போட்டிகளின் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் செல்லாது. பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை, தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்தின் வழியாகப் போகும் ஜூனியர், சப் ஜூனியர் தேசியப் போட்டிகள், மாநில அரசின் முதலமைச்சர் கோப்பை ஆகியவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வரலாறு கிளப்புக்கு உண்டா என்று கேளுங்கள். கிளப் சென்னைக் கால்பந்துச் சங்கத்தில் இணைந்ததா என்பதும் இந்த இடத்தில் கேட்கவேண்டியதே.

பதினான்கு வயதுப் பையனை ஐரோப்பியக் கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களும் வருவார்கள். ஃபிஃபா விதிப்படி, மிகச் சில விலக்குகள் தவிர, பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்ற முடியாது. இந்த ஒரு வரியை அவர்களிடம் சொன்னாலே பேச்சு நின்றுவிடும்.

9. ஒரு மாதம் ஆடவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் சேருங்கள். அந்த மாதத்தில், பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் “ஜெயிச்சியா, எத்தனை கோல் போட்டே?” என்று கேட்காமல், “இன்னிக்கு என்ன புதுசா செஞ்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். வாரம் முழுக்க “மேட்ச் ஆடினோம்” என்ற ஒரே பதில் வந்தால், அங்கே சொல்லிக்கொடுப்பது நடக்கவில்லை. பயிற்சியாளர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்பதையும், பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் மூத்த பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு செய்கிறார் என்பதையும் இந்த மாதத்திலேயே அறிந்துகொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையில் திடல் குளமாகிவிடும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் வகுப்பு உண்டா, கட்டணம் மட்டும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒத்துவரவில்லை என்றால் விலகுவதில் தவறில்லை. நடுப்போட்டியில் விலகாமல், நடக்கும் லீக்கோ டோர்னமெண்டோ முடியும் வரை பொறுத்திருந்து, பயிற்சியாளரை நேரில் பார்த்துக் காரணத்தைச் சொல்லுங்கள். சின்ன ஏரியா, நாளைக்கு மாவட்டத் தேர்வில் அவரே தேர்வாளராக உட்கார்ந்திருக்கலாம். பாக்கி இருந்தால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். தடையில்லாச் சான்றும், பதிவு விடுவிக்கப்பட்டதற்கான உறுதியும் கைக்கு வந்த பிறகே அடுத்த கிளப்பின் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.